கூரையில் ஏறிய தண்ணீர்த் தொட்டியும் பூநகரிக் காற்றும்

திருகோணமலையில் கராஜ் வைத்திருப்பவனுக்குக் கச்சான் காற்று வீசும் காலத்தில் கொதித்த ரேடியேட்டர்கள்தான் வழக்கமான வேலை. இப்போது வானை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு வருபவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

போன ஆடியில் வந்த ஒரு கணவன் மனைவியின் கதை இது. கனடாவில் பல வருடம் இருந்துவிட்டு உப்புவெளிப் பக்கம் வந்து குடியேறியவர்கள். அங்கே மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, கல்கரியிலிருந்து ரெஜைனா, வினிபெக் என்று காற்றடிக்கும் சமவெளியெல்லாம் ஓடிப் பார்த்தவர்கள். அந்த ஆசையில் இங்கே ஒரு பழைய உயர்கூரை வானை வாங்கி, ஓரிடத்தில் கொடுத்துக் கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் பூட்டுவித்திருந்தார்கள். கூரைமேல் 200 லீட்டர் தண்ணீர்த் தொட்டி, சோலர் தகடு, இரண்டு சைக்கிள்.

வவுனியா, யாழ்ப்பாணம் வரை ஒரு குறையும் இல்லை. நகரத்துக்குள் 30, 40-இல் ஓடும்போது கூரைப் பாரம் தெரியாது. திரும்பும்போது நாவற்குழியில் பிரிந்து, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி வழியாக மன்னாருக்கு இறங்கியிருக்கிறார்கள். அங்கேதான் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பிடித்துக்கொண்டது.

“வான் என்ரை சொல்லைக் கேக்கேல்லை தம்பி. லொறி வந்தா லொறிப் பக்கம் போகுது, லொறி போனா மணலுக்குள்ள போகுது” என்றார் அண்ணை.

“நான் அப்பவே மெதுவாப் போங்கோ எண்டு சொன்னனான்” என்றார் அக்கா.

இருவர் சொன்னதும் சரி. அந்த வீதியில் தெற்கே வரும்போது சோளகம் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். அதைச் சமாளிக்க நம்மை அறியாமலே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்திருப்போம். எதிரே ஒரு லொறி வந்து காற்றை மறைத்ததும், தள்ளிக்கொண்டிருந்த கை திடீரென்று இல்லாமல் போகிறது. வான் லொறியை நோக்கிச் சாய்கிறது. பயந்து இடப்பக்கம் ஒடிக்கும் நேரத்தில் லொறி கடந்துவிடும், காற்று மறுபடி அறையும். அவர்களுக்கு இடச் சக்கரங்கள் தார் தாண்டி மணலில் இறங்கிவிட்டன. புரளாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

200 லீட்டர் என்றால் 200 கிலோ. மூன்று ஆட்களைக் கூரையில் ஏற்றி உட்காரவைத்த மாதிரி. தொட்டி அரைவாசி காலியாக இருந்தால் இன்னும் மோசம், வான் சாயும் பக்கமே தண்ணீரும் ஓடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைச் சும்மாவா நட்டார்கள்?

கனடாவில் ஓட்டிய வண்டி ஏன் இப்படிச் செய்யவில்லை என்று அண்ணை கேட்டார். தொழிற்சாலையில் செய்யும் மோட்டார்ஹோமில் தண்ணீர்த் தொட்டியைத் தரைமட்டத்தில்தான் வைப்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. நம்மவர்கள் கட்டிலையும் திரைச்சீலையையும் பார்த்துச் செய்துவிடுகிறார்கள்.

கூரை எவ்வளவு தாங்கும் என்பது வாகனத்தின் கைநூலில் இருக்கும். அதை வாசித்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, அவர்களது வானில் என்னை அதிகம் பயமுறுத்தியது தொட்டி இல்லை, காஸ். மன்னாரில் இரவு மணல் அடிக்கிறது என்று ஜன்னல் எல்லாம் பூட்டி, உள்ளே தேத்தண்ணி வைத்திருக்கிறார்கள். அடுப்பு மஞ்சளாக எரிந்ததாம். இருவருக்கும் தலையிடி. களைப்பென்று நினைத்தார்கள். அடைத்த இடத்தில் சரியாக எரியாத அடுப்பு காபன் மொனொக்சைட்டைக் கக்கும், அதற்கு மணமில்லை. அப்படியே தூங்கியிருந்தால் எழும்பியிருக்க மாட்டார்கள். அப்புறம், சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, கட்டிலுக்குக் கீழே தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் வேண்டும். குழாய்ப் பூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. என்னைக் கேட்டால் அடுப்பை வெளியே வைத்துச் சமைப்பதே நல்லது. காற்று ஓயும்வரை பாண் சாப்பிடலாம்.

ரயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமையில் செய்தது. அவர்களது பின் ரயர்கள் அந்த வயதுதான், பூ, அதாவது தரையில் படும் வெட்டு, நன்றாக இருந்தது என்று விட்டுவிட்டார்களாம். பூ இருந்தாலும் இறப்பர் காய்ந்து வெடித்திருந்தது. மாற்றினேன்.

தொட்டியை இறக்கி, பின் சக்கரங்களுக்கு முன்னால், தரையோடு இரண்டு 30 லீட்டர் தண்ணீர்க் கான் பூட்டிக் கொடுத்தேன். சைக்கிளை வீட்டில் விடச் சொன்னேன். அண்ணைக்கு அதுதான் கவலை.

போன கிழமை அக்கா வந்தார். அடுத்த மாதம் மட்டக்களப்புப் பக்கம் போகிறார்களாம். கூரை இப்போது வெறுமையாகத்தானே இருக்கிறது, ஒரு பாய் சுருட்டிக் கட்டலாமா என்று கேட்டார். பாய்தானே, கட்டுங்கள் என்றேன்.