'21-ம் நாள்' டெஸ்ட் எல்லோருக்கும் 21-ம் நாளிலா?

குழந்தைக்காக முயற்சி செய்யும் பெண்களை அதிகம் கலங்க வைக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று, கருமுட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனை அளப்பது. சீட்டில் '21-ம் நாள்' என்று எழுதியிருக்கும். மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து எண்ணி, சரியாக 21-ம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். ரிப்போர்ட்டில் 0.8 நானோகிராம் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 3-க்கு மேல் இருந்தால்தான் கருமுட்டை வெளிவந்ததாக எடுத்துக்கொள்வார்கள். "அப்போ எனக்கு முட்டையே வரலையா?" என்று மனது உடைந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை வருமானால், இந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 21-ம் நாளில் அவருக்கு முட்டை அப்போதுதான் வெளிவரும் நிலையில் இருந்திருக்கும். அவர் ரத்தம் கொடுத்திருக்க வேண்டியது 28-ம் நாள்.

மாதச் சுழற்சியில் இரண்டு பாதிகள் உண்டு. ரத்தப்போக்கு தொடங்கும் நாளிலிருந்து முட்டை வெளிவரும்வரை முதல் பாதி. அங்கிருந்து அடுத்த மாதவிடாய்வரை இரண்டாம் பாதி. நாள் தள்ளிப்போவதும் முன்னால் வந்துவிடுவதும் பெரும்பாலும் முதல் பாதியால்தான். இரண்டாம் பாதி சுமார் 14 நாள்; ஓரிரு நாள் கூடலாம், குறையலாம். ஜப்பானின் நீகாட்டா நகரத்து மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924-இல் இதைக் கண்டு சொன்னார். ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் க்னாவுஸ், ஒகினோவின் வேலையை அறியாமலே, சில ஆண்டுகளில் இதே முடிவுக்கு வந்தார். முட்டை வெளிவரும் நாளை, வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதுதான் அது. நூறு வருடம் ஆகியும் 'எல்லோருக்கும் 14-ம் நாள்' என்ற பேச்சு ஓயவில்லை. 28 நாள் சுழற்சிக்கு எப்படி எண்ணினாலும் ஒரே விடை வருகிறது. குழப்பம் அங்கிருந்து வந்தது.

சரி, அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஹார்மோனைப் பார்க்கிறோம்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைச் சுரக்க, சினைப்பையில் சில நுண்பைகள் வளரத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. சில நாளில் ஒன்று மட்டும் முந்திக்கொள்ளும், மற்றவை சுருங்கிவிடும். முந்திய நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அளவு குறைவாக இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை அடக்கியே வைக்கும். நுண்பை முதிர முதிர ஈஸ்ட்ரோஜனும் ஏறுகிறது. உயர்ந்த அளவிலேயே ஏறத்தாழ இரண்டு நாள் நின்றுவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது. இத்தனை நாள் அடக்கி வைத்த அதே ஹார்மோன் இப்போது பிட்யூட்டரியை முடுக்கிவிடுகிறது. எல்ஹெச் என்ற ஹார்மோன் பெருக்கெடுத்து வருகிறது. அந்தப் பெருக்கு தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் நுண்பை வெடித்து முட்டை வெளியே வருகிறது. 'நான் தயார்' என்று செய்தி அனுப்புவது நாள்காட்டி பார்த்து இயங்கும் ஏதோ ஓர் உறுப்பல்ல, முதிர்ந்த நுண்பையேதான். உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஃபாலிக்குலர் ஸ்டடி என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன் செய்து மருத்துவர் அளப்பதும் இதே நுண்பையைத்தான். பெரும்பாலும் 18 முதல் 24 மில்லிமீட்டர் வளர்ந்த பிறகு அது வெடிக்கும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட், சிறுநீரில் இந்த எல்ஹெச்சைத்தான் தேடுகிறது. பட்டையில் நிறத்துகள் ஒட்டிய எதிர்ப்பொருட்கள் இருக்கும். அவை எல்ஹெச்சைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு மேலேறி, ஒரு கோட்டில் சிக்கி நிறம் காட்டும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது பாசிட்டிவ். ஓவுலேஷன் பட்டையில் அப்படியில்லை. எல்ஹெச் எல்லா நாளும் கொஞ்சம் இருக்கும் என்பதால் மங்கலான கோடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். சோதனைக் கோடு, பக்கத்திலிருக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்காவது அடர்த்தியாக இருக்க வேண்டும். எல்ஹெச் பெரும்பாலும் விடியற்காலையில் ரத்தத்தில் ஏறி, சில மணி நேரம் கழித்தே சிறுநீருக்கு வருகிறது. அதனால் பிற்பகலில் பார்ப்பது நல்லது. அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறைய தண்ணீர் குடிக்க வேண்டாம். நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ், உள்ளவர்களில் பலருக்கு எல்ஹெச் எப்போதுமே சற்று உயர்ந்திருக்கும். அவர்கள் இந்தப் பட்டையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

முட்டை வெளிவந்தபின் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். 1995-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 221 பெண்களின் அன்றாடச் சிறுநீரைப் பரிசோதித்து முட்டை வெளிவந்த நாளைக் கணித்தார்கள். கரு தங்கியதெல்லாம் அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்ந்த ஆறு நாட்களுக்குள் நடந்த உறவால்தான். ஆகவே முட்டை வந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு பிறகு சேர்வது தாமதம். வெள்ளைப்படுதல் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி ஆகும்போதே வாய்ப்பான நாட்கள் தொடங்கிவிட்டன. அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும். மணி பார்த்துச் சேர வேண்டிய நெருக்கடியைத் தம்பதிகள் தங்கள்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

முட்டை போனபின் எஞ்சிய நுண்பைதான் புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. காலையில் எழுந்ததும் பார்க்கும் உடல் வெப்பம் சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் கூடுவது இதனால்தான். ஒரு வாரத்தில் புரோஜெஸ்டிரான் உச்சத்துக்குப் போகும். '21-ம் நாள்' என்பதன் உண்மையான பொருள், முட்டை வெளிவந்து 7 நாள் கழித்து என்பதே. அந்த ஹார்மோனும் அலையலையாகத்தான் சுரக்கிறது. ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். போன மாதம் 14, இந்த மாதம் 9 என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

இதே மாதிரி பயமுறுத்தும் இன்னொரு எண், ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனின் அளவு. சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சமிருக்கிறது என்பதற்கு அது ஓரளவு அடையாளம். சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையான ஐவிஎஃப்பில் போடும் ஊசிகளுக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். ஆனால் இயற்கையாகக் கரு தங்க மாதம் ஒரு முட்டை போதும். குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஏஎம்ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருவுற்றார்கள்.

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லையெனில் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது கணவரும் கூடப் போக வேண்டும். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி பெண்ணிடமே வருவதால், ஊசியும் ஸ்கேனும் அவளுக்கே முதலில் நடக்கின்றன. இது நியாயமில்லை, மருத்துவமும் இதை ஏற்பதில்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கும் விந்துப் பரிசோதனையில் வலியில்லை, பெரிய செலவுமில்லை. முதல் ரிப்போர்ட் குறைவாக வந்தால் அதோடு முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி வெளிவர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அந்த இடைவெளியில் வந்துபோன கடும் காய்ச்சல்கூட ரிப்போர்ட்டில் தெரியும். அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள்.