சொலிலக்வி: தனிமொழியா, தன்னுரையா, மைண்ட் வாய்ஸா?

ஷேக்ஸ்பியர் பத்தி தமிழ்ல எதை எடுத்துப் படிச்சாலும் எங்கயாவது ஒரு இடத்துல "ஹாம்லெட்டின் புகழ்பெற்ற சொற்பொழிவு"னு ஒரு வரி வந்துடும். சொற்பொழிவுன்னா மைக் வேணும், சோடா வேணும், "தலைவர் அவர்களே"ன்னு ஒரு ஆரம்பம் வேணும். அப்பா செத்து, அம்மா சித்தப்பாவையே கட்டிக்கிட்டு, வாழலாமா செத்துடலாமான்னு தவிக்கிறவன் அப்படி என்னத்தைப் பொழிஞ்சான்?

குழப்பம் இங்கிலீஷ்லயே இருக்கு. நாடகக்காரங்க பாஷைல ஒரு கேரக்டர் வாயைத் திறந்து மூடுற வரைக்கும் பேசுறது எல்லாமே ஸ்பீச்தான், ரெண்டு வரியா இருந்தாலும் அறுபது வரியா இருந்தாலும். இதுக்கு நம்மகிட்ட கூற்றுன்னு நல்ல சொல் பழசாவே இருக்கு. ஆனா அந்த ஸ்பீச்சுக்குள்ள மோனோலாக், சொலிலக்வி, அசைடு (மத்த கேரக்டருக்குக் கேக்காத மாதிரி சொல்ற சின்ன வரி)ன்னு தனித்தனி ஆளுங்க இருக்காங்க, நம்ம அகராதிகள்லயும் பாடப்புத்தகங்கள்லயும் இதுல முதல் ரெண்டையும் தனிமொழின்னு ஒரே மூட்டையா கட்டிடுறாங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுல மோனோ ஆக்டிங் போட்டி பார்த்து வளர்ந்தவங்களுக்கு, ஒருத்தர் தனியா நின்னு நீளமா பேசினாலே அது மோனோதான்.

மோனோலாக் கிரேக்கத்துலேர்ந்து வந்தது, மோனோஸ்னா ஒத்தை, லோகோஸ்னா பேச்சு. ஒருத்தரே நீளமா பேசணும், அவ்ளோதான் கண்டிஷன், பக்கத்துல நாலு பேர் நின்னு கேட்டாலும் அது மோனோலாக்தான். அஸ் யூ லைக் இட்ல ஜாக்விஸ் உலகமே நாடக மேடைன்னு ஆரம்பிச்சு மனுஷனோட ஏழு பருவத்தையும் சொல்றப்போ டியூக்கும் அவரோட ஆளுங்களும் அங்கயே இருந்து கேக்குறாங்க, அது மோனோலாக். மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்ல ஷைலாக் "யூதனுக்கு கண்ணு இல்லையா"ன்னு கேக்குறது எதிர்ல நின்னு கிண்டல் பண்ற ரெண்டு பேர்கிட்ட, அதுவும் சொலிலக்வி இல்ல.

சொலிலக்வி லத்தீன் வார்த்தை. சோலுஸ்னா தனியா, லோக்வின்னா பேசுறது. இதுல வேடிக்கை என்னன்னா இந்த வார்த்தைய உண்டாக்கினது நாடகக்காரன் கிடையாது, ஒரு சாமியார். செயின்ட் அகஸ்டின் 386-387 வாக்குல மிலான் பக்கத்துல ஒரு ஊர்ல தங்கியிருந்தப்போ ஒரு புக் எழுதி அதுக்கு சொலிலக்வியான்னு பேர் வெச்சார், பேர் புதுசு, காதுக்கு கொஞ்சம் கரடுமுரடாவும் இருக்கும், ஆனா விஷயத்துக்கு பொருத்தமா இருக்குன்னு அந்த புக்குக்குள்ளயே சொல்லிக்கிறார். சரி, தனியா புலம்புறார் போலன்னு உள்ள போய்ப் பார்த்தா அது ரெண்டு பேர் பேசிக்கிற பேச்சு! ஒரு பக்கம் அகஸ்டின், இன்னொரு பக்கம் அவரோட அறிவு. அறிவு கேள்வி கேக்குது, இவர் திணறித் திணறி பதில் சொல்றார். ஆக சொலிலக்விங்கிற சொல் பிறந்தப்பவே பேசுற ஆள் தனியா இருந்தாலும் கேக்குறதுக்கு ஒருத்தர் இருந்தாங்க. பின்னாடி வந்த டிக்‌ஷனரிகள் "தனிமைல தனக்குத்தானே பேசுறது"ன்னு சுருக்கினதுல இது காணாம போச்சு. ஷேக்ஸ்பியர் தன் நாடகத்துல எங்கயும் இந்த வார்த்தையை எழுதலைங்கறதையும் சேர்த்துக்கோங்க, அது நாடகச் சொல்லா நிலைச்சதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

இந்த "கேக்குறது யாரு"தான் எனக்கு முக்கியமா படுது, ஏன்னா ரிகர்சல்ல ஆக்டரும் டைரக்டரும் மண்டையை உடைச்சுக்குறதே இதுக்குத்தான். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோட ஜான் பார்ட்டன் 1980களோட தொடக்கத்துல பிளேயிங் ஷேக்ஸ்பியர்னு ஒரு டிவி தொடர் பண்ணார், இயன் மெக்கெல்லன், ஜூடி டென்ச், பேட்ரிக் ஸ்டீவர்ட், டேவிட் சூஷேன்னு பெரிய ஆளுங்களை உக்கார வெச்சு வரி வரியா பிரிச்சு மேயுறது. அதுல சொலிலக்வி பத்தி வர்ற இடத்துல மனுஷன் சொல்றது, ஷேக்ஸ்பியர்ல அடிச்சுச் சொல்ற ரூல்னு ரொம்ப கம்மி, ஆனா நூத்துக்கு தொண்ணூத்தொம்பது தடவை சொலிலக்வியை ஆடியன்ஸோட பகிர்ந்துக்கிறதுதான் சரின்னு. மேல ஆகாசத்தைப் பார்த்துகிட்டு தனக்குள்ள முனகுறது இல்ல, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களைப் பார்த்து "நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண"ங்கிற மாதிரி.

இதுக்கு காரணம் அந்தக் கால மேடையிலயே இருக்கு. 1599ல கட்டின குளோப் தியேட்டர்ல மேல கூரை பாதிதான், நாடகம் நடக்கிறது மத்தியானம், வெளிச்சம் எல்லார் மேலயும் ஒண்ணாதான் விழும். முன்னாடி நிக்கிற ஜனங்களோட மூஞ்சி நல்லா தெரியும்போது ஆக்டர் எப்படி தனியா இருக்கிற மாதிரி பாவனை பண்ணுவான்? ஆடியன்ஸை இருட்டுல தள்ளி ஆக்டர் மேல மட்டும் லைட் போடுற பழக்கமெல்லாம் ரொம்ப பின்னாடி வந்தது, சொலிலக்வின்னா உள்மனசுப் பேச்சுன்னு நாம நெனைக்கிறதுல பாதி அந்த இருட்டு குடுத்ததுதான்னு நான் சொல்வேன். 1965ல பீட்டர் ஹால் டைரக்ட் பண்ண ஹாம்லெட்ல டேவிட் வார்னர் "நான் கோழையா?"ன்னு கேட்டப்போ ஆடியன்ஸ்லேர்ந்து ஒரு ஆள் "ஆமா"ன்னு கத்தினதா நாடக வட்டாரத்துல இன்னிக்கும் சொல்வாங்க. அடுத்த வரியே "எவன்டா என்னை அயோக்கியன்னு சொல்றது?"ன்னுதான் இருக்கு! எழுதினவருக்கு இப்படி ஒரு ஆள் கத்துவான்னு தெரிஞ்சே இருந்திருக்கு.

சினிமா வந்ததும் கதை மாறுது. 1948 ஹாம்லெட்ல லாரன்ஸ் ஒலிவியர் கடலுக்கு மேல உயரத்துல உக்காந்திருப்பார், டு பீ ஆர் நாட் டு பீங்கிற வாழலாமா சாகலாமா ஸ்பீச்ல பாதிக்கு வாய் அசையாது, குரல் மட்டும் ஓடும். இன்னிக்கு நாம மைண்ட் வாய்ஸ்னு சொல்றோமே, அச்சு அசல் அது. அதே ஒலிவியர் 1955ல மூணாம் ரிச்சர்டா வர்றப்போ கேமராவை நேரா பார்த்து, "வா, பக்கத்துல வா, என் பிளானைச் சொல்றேன்"ங்கிற தோரணைல பேசுவார். ஒரே ஆள், ரெண்டுமே சொலிலக்வி, ஆனா ஒண்ணை மைண்ட் வாய்ஸ்னு சொன்னா மத்ததை அப்படிச் சொல்லவே முடியாது. அதனாலதான் சொலிலக்விக்கு மைண்ட் வாய்ஸ்தான் சரியான தமிழ்னு சிலர் ஜாலியா சொல்றதை நான் ஏத்துக்கிறதில்ல, ஒரு வகைக்கு அது கச்சிதம், எல்லாத்துக்கும் ஆகாது.

இந்த ரிச்சர்டோட முதல் ஸ்பீச்சைப் பத்தி ஒரு விஷயம். "இப்போ நம்ம மனக்குறையோட குளிர்காலம்"னு முதல் வரியோட நிறுத்திடுறவங்க அதிகம், 1978-79ல பிரிட்டன்ல வேலைநிறுத்தம் மேல வேலைநிறுத்தமா நடந்தப்போ பத்திரிகைங்க அந்த சீசனுக்கே இந்தப் பேரை வெச்சாங்க. ஆனா அடுத்த வரியையும் சேர்த்துப் படிச்சா அர்த்தம் தலைகீழ், குளிர்காலம் போய் யார்க் வம்சத்துச் சூரியனால கோடைகாலம் வந்துடுச்சுங்கறான். வரிக்கடைசில கொஞ்சமா நின்னு அடுத்த வரிக்கு தாவணும், ஒவ்வொரு வரியோட கட்டும் காதுல விழணும்னு பீட்டர் ஹால் பிடிவாதமா சொல்லிக்கிட்டே இருந்ததுக்கு காரணம் இது மாதிரி இடங்கள்தான், நின்னுட்டா போச்சு, நிக்காம ஓடினாலும் போச்சு. 1995ல வந்த சினிமால மெக்கெல்லன் இதே ஸ்பீச்சை ரெண்டா வெட்டியிருப்பார். முதல் பாதி விருந்துல மைக் முன்னாடி, ஊரே கைதட்டுது, ஆக இங்க மட்டும் நிஜமாவே சொற்பொழிவுதான். அப்படியே கட் பண்ணி ஆம்பளைங்க டாய்லெட், ஒண்ணுக்கு போய்க்கிட்டே மீதி வயித்தெரிச்சலைக் கொட்டுறான், கண்ணாடில நம்மளைப் பார்த்துட்டு நம்மகிட்டயே பேச ஆரம்பிக்கிறான். ஷேக்ஸ்பியர் தனியாளுக்கு எழுதின ஒரே கூற்று, கேக்குற ஆள் மாறினதும் பேரும் மாறிடுது.

சரி தமிழுக்கு வருவோம். தொல்காப்பியம் செய்யுளியல்ல செய்யுளோட உறுப்புன்னு ஒரு பெரிய பட்டியல் வருது, மொத்தம் 34. அதுல கூற்று ஒண்ணு, அதை ஒட்டியே கேட்போர்னு இன்னொண்ணு. யார் பேசுறாங்கன்னு கேட்டா மட்டும் பத்தாது, யார் கேக்குறாங்கன்னும் கேளுன்னு இலக்கணமே சொல்லுது. அப்புறம் சிலப்பதிகாரம் அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதின உரையில நாடக உறுப்புகளைச் சொல்ற இடத்துல சொல்லை மூணா பிரிக்கிறார்: உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல். நெஞ்சோட பேசுறது உட்சொல், கேக்குறவங்களுக்குச் சொல்றது புறச்சொல், தானே பேசிக்கிறது ஆகாயச்சொல். பார்ட்டன் ரிகர்சல்ல கேட்ட கேள்விக்கு இங்க பேரே வெச்சு முடிச்சிருக்காங்க. இவ்ளோ சுத்தமான மூணு சொல்லை வெச்சுக்கிட்டு நாம ஏன் சொற்பொழிவு, வீர உரைன்னு தடவிக்கிட்டு இருக்கோம்னு எனக்குப் புரியல.

நெஞ்சோட பேசுறதுக்கு குறள்ல அதிகாரமே இருக்கு, 125வது, நெஞ்சொடு கிளத்தல். "நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே எனைத்தொன்றும் எவ்வநோய் தீர்க்கும் மருந்து"ன்னு காதலனைப் பிரிஞ்சு தவிக்கிற பொண்ணு தன் நெஞ்சை எதிர்ல உக்கார வெச்சு மருந்து கேக்குறா. அகஸ்டின் அறிவை உக்கார வெச்ச மாதிரியேதான். மேடைன்னு வந்தா 1891ல சுந்தரம் பிள்ளை எழுதின மனோன்மணீயத்துல குடிலன் தனியா நின்னு சதி போடுற இடங்களை ஒதெல்லோ நாடகத்து வில்லன் இயாகோவை நினைக்காம படிக்க முடியாது. அதே வருஷம் ஆரம்பிச்ச சுகுண விலாச சபாவுல பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டையே அமலாதித்யனா மேடையேத்தினார். பழைய நாடகப் புத்தகங்கள்ல அடைப்புக்குறிக்குள்ள தனக்குள்னு போட்டிருக்குமே, அது அசைடுக்கு அப்படியே பொருந்துது, புதுசா எதுவும் தேட வேணாம். ஹாம்லெட் நாடகத்துல ஹாம்லெட்டோட முதல் வரியே ஒரு தனக்குள்தான், சித்தப்பா "மகனே"ன்னு கூப்பிட்டதும் உறவு கொஞ்சம் கூடிப்போச்சு, பாசம்தான் கம்மின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றான்.

என் கணக்கு இது. ஸ்பீச்சுக்கு கூற்று. மோனோலாக்குக்கு நெடுங்கூற்று. சொலிலக்விக்கு பொதுவா தனிமொழி, ஏற்கெனவே புழங்குறதை மாத்த வேணாம், தன்னுரைன்னா சுயசரிதைக்கு எழுதின முன்னுரை மாதிரி காதுல விழுது. தனிமொழிக்குள்ள உட்சொல்லா புறச்சொல்லான்னு பிரிச்சுக்கலாம். ஜூலியஸ் சீசர்ல ஆண்டனியை எடுத்துக்கோங்க, மூணாம் அங்கம் முதல் காட்சில கொலைகாரங்க எல்லாம் போனதும் சீசர் உடம்புகிட்ட "ரத்தம் வடியுற மண்ணே, இந்த கசாப்புக்காரங்ககிட்ட நான் சாதுவா நடந்துக்கிட்டதுக்கு மன்னிச்சுடு"ங்கிறான், அது தனிமொழி. அடுத்த காட்சில ஊர் ஜனத்துக்கு முன்னாடி ஏறி புரூட்டஸ் கண்ணியமானவன், கண்ணியமானவன்னு திரும்பத் திரும்பச் சொல்லியே அவனைக் கவுக்குறான், அதைத் தாராளமா சொற்பொழிவுன்னு எழுதுங்க.

கஷ்டம் குடுக்கிறது டு பீ ஆர் நாட் டு பீதான். உலகத்துக்கே சொலிலக்வின்னா இதுதான் ஞாபகம் வரும், ஆனா அப்போ ஹாம்லெட் தனியா இருக்கானா? ராஜாவான சித்தப்பாவும் மந்திரி பொலோனியஸும் ஒளிஞ்சு கேட்டுகிட்டு இருக்காங்க, பொலோனியஸோட பொண்ணு ஒபீலியா கைல புஸ்தகத்தோட அங்கயே சுத்திக்கிட்டு இருக்கா. இன்னொண்ணு, ஒபீலியாவைப் பார்க்கிற வரைக்கும் அந்த ஸ்பீச் முழுக்க நான், என்னைங்கிற வார்த்தை ஒரு தடவை கூட கிடையாது, எல்லாம் நாம, நம்மதான். தன் சோகத்தைக் கொட்டுறவன் அப்படியா பேசுவான்? 1603ல வந்த முதல் அச்சுல இந்த இடமே வேற மாதிரி, "ஆமா, விஷயம் அதுதான்"னு மொட்டையா இருக்கும், நாடகத்துல வர்ற இடமும் முன்னாடியே. 2015ல லண்டன் பார்பிகன்ல பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடிச்சப்போ நாடகத்தையே இந்த ஸ்பீச்லேர்ந்து ஆரம்பிச்சாங்க, பிரிவ்யூ ஷோக்கள்லயே சலசலப்பு ஆகி திரும்ப உள்ள கொண்டு போய்ட்டாங்க. கென்னத் பிரானா 1996 படத்துல பெரிய கண்ணாடிக்கு முன்னாடி நிப்பார், பேசுறது தன் பிம்பத்துகிட்ட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஜா நின்னு பார்த்துகிட்டு இருக்கான். உட்சொல்லும் புறச்சொல்லும் ஒரே ஷாட்ல.

நடிகர்களுக்கு வாய்ஸ் சொல்லிக் குடுத்த சிசிலி பெர்ரியோட ஒரு பயிற்சி இந்த ஸ்பீச்சுக்கு ரொம்ப உதவும். நடந்துகிட்டே பேசணும், கமாவோ புள்ளியோ வந்தா சட்டுனு வேற பக்கம் திரும்பணும். செத்துப்போறது, தூங்குறது, தூங்கினா கனவு வருமோன்னு வர்ற இடத்துல ரெண்டடி கூட நேரா நடக்க முடியாது, அப்படித் திரும்பித் திரும்பி தலை சுத்தினப்புறம்தான் இது தத்துவம் இல்ல, முடிவெடுக்க முடியாத ஒருத்தனோட அலைச்சல்னு உடம்புக்குப் புரியும். தமிழ்ல இதை மொழிபெயர்க்கிறவங்க நீளமான ஒரே வாக்கியமா கோத்துடுறாங்க, திரும்புற இடமெல்லாம் போயிடுது.

மேக்பெத்தோட "நாளை, நாளை, நாளை"யும் இதே கேஸ்தான். பொண்டாட்டி செத்துட்டான்னு அவனோட பணியாள் சேட்டன் வந்து சொன்னதும் பேசுறது, சேட்டன் வெளிய போனதா எழுதவே இல்ல. அவனைப் பக்கத்துல நிறுத்தினா நெடுங்கூற்று, அனுப்பிட்டு ஆடியன்ஸைப் பார்த்துப் பேச வெச்சா புறச்சொல், சேட்டன் இருக்கிறதையே மறந்துட்டுப் பேசினா உட்சொல். தமிழ்ல போடுறவங்க ஸ்கிரிப்ட்ல எதை எழுதணும்னு சேட்டனை எங்க நிறுத்துறதுன்னு முடிவு பண்ணினப்புறம் எழுதிக்கட்டும்.