ஜாக் பேட் என்பது மெத்தை அல்ல, குமிழ்

பெங்களூரில் விமானப் பராமரிப்பு படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் சில தமிழ்க் குறிப்புகள் சுற்றுகின்றன. விமானத்தை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது இரண்டுக்கும் நடுவே மாட்டும் பாகம் ஜாக் பேட். அந்தக் குறிப்புகளில் அதற்குத் 'தூக்கு மெத்தை' என்று போட்டிருக்கிறது. சிலவற்றில் 'உயர்த்தி மெத்தை'. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், "அண்ணா, மெத்தைன்னா ரப்பரா, உள்ள பஞ்சு வெச்சதா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பெயரைப் படித்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் கனத்த உலோகத் துண்டு. பெரும்பாலும் எஃகு. மேல்பக்கம் ஒரு முளை அல்லது திருகு, விமானத்தின் அடியில் அதற்கென்று விட்டிருக்கும் துளையில் பொருந்தும். சில வகைகளில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வழுவழுவென்று கடைந்த அரைக்கோளம். ஜாக்கியின் தண்டு உச்சியில் ஒரு கிண்ணக்குழி இருக்கும். அரைக்கோளம் அந்தக் குழிக்குள் உட்கார்ந்ததும் விமானத்தை உயர்த்தலாம். இதில் மெத்தென்று இருப்பது எதுவும் இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஜாக் என்பது ஜான் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். பிறகு ஏவலாள், சாதாரண ஆள் என்ற பொருளுக்கு வந்து, அப்புறம் ஆள் செய்யும் வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் பெயரானது. பேட் என்பதன் வேர் ஆங்கில அகராதிக்காரர்களுக்கே தெளிவில்லை. திண்டு, பட்டை, தாள்கட்டு, தளம் என்று அதற்குப் பல பொருள்கள் உண்டு.

அந்தப் பலவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் மெத்தை வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் நிற்கும் இடமும் ஆங்கிலத்தில் பேட்தான். அதை யாரும் ஏவு மெத்தை என்று எழுதவில்லை, ஏவுதளம் என்று அழகாக எழுதினார்கள். அங்கே பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இங்கே சொல்லை மட்டும் பார்த்திருக்கிறார்கள். கார் கடைகளில் ஜாக் பேட் என்று ரப்பர் வில்லை ஒன்று விற்கிறது. காரின் அடிவிளிம்பு நசுங்காமல் இருக்க ஜாக்கியின் தலையில் வைப்பது. மொழிபெயர்த்தவர் அதைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். காருக்கு அது சரி, விமானத்துக்கு ஆபத்து.

ஏன் ஆபத்து என்றால், மெத்தையின் வேலையும் இதன் வேலையும் நேர் எதிர். மெத்தை பாரத்தைப் பரப்பும். இதுவோ பாரம் முழுவதையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும். விமானத்தின் வெளித்தகடு பல இடங்களில் சில மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் ஜாக்கியை நேராக முட்டக் கொடுத்தால் பொத்துக்கொண்டு போகும். அதனால் உள்ளே உத்தரமும் விலா எலும்பு போன்ற குறுக்குத்துண்டும் சட்டமும் சந்திக்கிற உறுதியான இடங்களில் மட்டும் தூக்குப்புள்ளிகள் இருக்கும். ஏர்பஸ் ஏ320 என்றால் மூக்குப் பக்கம் ஒன்று, இறக்கைகளின் அடியில் இரண்டு. வால் பக்கம் வைப்பது பாதுகாப்புக்கான முட்டு மட்டுமே. அந்த விமானத்தின் வெற்று எடையே 40 டன்னைத் தாண்டும். அதில் பெரும்பங்கை இறக்கைக்கு அடியில் இருக்கும் இந்த இரண்டு சின்ன உருண்டைகள் சுமக்கின்றன.

உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விமானம் மேலே எழும்பும்போது சக்கரக் கால்களில் அமுங்கியிருந்த தண்டுகள் நீளும், உடல் சற்றே சாயும், நகரும். உருண்டை குழிக்குள் திரும்பிக் கொடுத்தால்தான் பாரம் ஜாக்கியின் தண்டு வழியே நேராகக் கீழே இறங்கும். இடையில் ரப்பரையோ மரத்துண்டையோ வைத்தால் அது நசுங்கி ஒரு பக்கம் வழுக்கும். பக்கவாட்டு அழுத்தம் வந்துவிட்டால் முக்காலி ஜாக்கி சாய்வதற்கு அதிக நேரம் ஆகாது. 'மெத்தை' என்று படித்த பையன் எதையாவது மெத்தென்று வைக்கத் தேடினால் அந்தப் பழியைப் பெயர் வைத்தவர்தான் ஏற்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விமானத் தொழிலில் நிஜமாகவே தூக்கு மெத்தை என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. ஓடுபாதையை விட்டு விலகிச் சக்கரம் ஒடிந்து படுத்துவிட்ட விமானத்தை எழுப்ப, இறக்கைக்கும் உடலுக்கும் அடியில் காற்றுப்பைகளை அடுக்கிக் குறைந்த அழுத்தத்தில் ஊதுவார்கள். பாரம் பரவி ஏறும். தூக்கு மெத்தை என்ற பெயர் அதற்குத்தான் சேர வேண்டும். அதைக் கொண்டுபோய் எஃகு உருண்டைக்கு வைத்துவிட்டால், காற்றுப்பைக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

சரி, நல்ல சொல் எது? கிண்ணக்குழியில் உட்கார்ந்து திரும்பும் முனைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. கீல் இல்லாத பழைய வீட்டுக் கதவில், கல்லில் வெட்டிய குழியில் நின்று சுழலும் முனையைக் 'குடுமி' என்பார்கள். வேலை அச்சாக இதுவேதான். ஆனால் இன்று குடுமி என்றால் தலைமுடிதான் நினைவுக்கு வரும், அதனால் மனமில்லாமல் விடுகிறேன். 'குமிழ்' யாருக்கும் புரியும். உருண்டு திரண்ட முனை என்பதைச் சொல்லும்போதே கண்ணுக்குக் காட்டும். ஜாக்கிக் குமிழ் என்பது என் முடிவு.

'ஜாக்கி தமிழா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கலப்பில்லாத தமிழ் மேல் எனக்கும் பிடிப்பு உண்டு. ஆனால் 'தூக்கி' என்றால் மின்தூக்கி குறுக்கே வருகிறது, 'பாரந்தூக்கி' என்றால் கிரேன் வருகிறது. 'உயர்த்தி' எழுத்தில் நிற்கும். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், எண்ணெய்க் கையோடு கத்திச் சொல்லும்போது நிற்காது. லாரி பட்டறை முதல் பள்ளத்தில் இறங்கிய வீட்டை உயர்த்துபவர்கள் வரை ஜாக்கி என்றே சொல்கிறார்கள். இங்கே பக்கத்தில் நிற்கும் கன்னடக்காரருக்கும் அது புரியும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் புரியாத தூய்மையைவிடப் புரிகிற கடன்சொல்லே மேல்.

பாகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்க்கும் பழக்கம் இதோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் ஜாக் பாயிண்ட் எனும் தூக்குப்புள்ளிகளைப் 'பலா புள்ளிகள்' என்று எழுதிய தாளையும் பார்த்தேன். பலாப்பழத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் ஜாக் நம் பக்கத்துச் 'சக்க'யிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, இதற்கும் அதற்கும் உறவே இல்லை. கணினி துப்பியதை ஒருவர்கூடப் படித்துப் பார்க்காமல் அச்சடித்துப் பாடம் என்று கொடுக்கிறார்கள். மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். ஹேங்கருக்குள் வந்து ஒருமுறை அந்தக் குமிழைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் இந்த மெத்தை பிறந்திருக்காது.

சொல்லைப் புழங்கும் விதம் இப்படி இருக்கலாம்: 'ஜாக்கிக் குமிழில் கீறல், துரு, திருகுத் தேய்மானம் பார். குமிழின் வளைவு ஜாக்கிக் கிண்ணத்தோடு பொருந்துகிறதா பார். ஜாக்கித் தண்டு இறங்கிவிடாமல் தடுக்கும் பூட்டுவளையத்தை, தண்டு ஏற ஏற இறுக்கிக்கொண்டே வா. இறக்கியதும் குமிழைக் கழற்று, துளைக்கு மூடி போடு.' ஜாக்கியின் கால்களுக்கு அடியில் வெயிலில் இளகிய தாருக்காக வைக்கும் பலகையைக் குமிழோடு குழப்பாமல் 'அடித்தட்டு' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வகை விமானத்தின் குமிழ் இன்னொன்றுக்கு ஆகாது. துளையில் நுழைகிறது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது, அதன் தாங்குதிறன் வேறாக இருக்கும். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் விமான வகை, தாங்குதிறன், ஜாக்கிக் குமிழ் என்று தமிழில் தாராளமாக எழுதலாம். பாக எண் மட்டும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். பராமரிப்புக் கையேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டியது அதைத்தான்.