கன்டெய்னருக்குள் லேட்டன்சி அளந்தால் யாருடைய எண் வரும்?

திருநெல்வேலி பக்கமிருந்து நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வருகிறவர்கள் கண்ணில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் சுற்றுகிற காற்றாலைகள் படாமல் போகாது. நவீன காற்றாலையில் காற்று சட்டென்று ஏறினால் இறக்கையின் கோணத்தை உடனே திருப்பியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து உள்ளே இருக்கிற கணினி வேறு வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சொன்ன கெடுவுக்குள் வேலை முடிய வேண்டும், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. ரியல்டைம் என்பது இதைத்தான்.

இந்தத் தாமதம், அதாவது லேட்டன்சி, எவ்வளவு என்று பார்க்க லினக்ஸில் பலரும் முதலில் எடுப்பது சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவி. வேலை எளிது: ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) "இன்ன நேரத்துக்கு என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கும், எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை மைக்ரோசெகண்ட் பிந்தியது என்று குறித்துக்கொள்ளும், திரும்பவும் தூங்கும். திரையில் மின் (குறைந்தது), ஆவரேஜ் (சராசரி), மேக்ஸ் (அதிகபட்சம்) என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆவரேஜைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, மேக்ஸைப் பாருங்கள். சாதாரண லேப்டாப்பில் ஆவரேஜ் சில மைக்ரோசெகண்டில் நிற்கும்போதே மேக்ஸ் நூற்றுக்கணக்கில் தாவிவிடலாம். இறக்கை திரும்பாமல் போவது அந்த ஒரு தாவலில்தான்.

இனி கன்டெய்னர், அதாவது ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய ஃபைல்களையும் ஒன்றாக அடைத்து, மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டுகிற முறை. இந்த மாதிரிக் கருவிகளை கம்பைல் பண்ண அது அருமையான இடம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வருகிற, தாமதத்தை அளக்கிற இன்னொரு கருவியான ஆர்டிஎல்ஏவுக்கு லிப்ட்ரேஸ்ஈவென்ட், லிப்ட்ரேஸ்எஃப்எஸ் என்ற லைப்ரரிகள் வேண்டும், லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ அவற்றின் பேக்கேஜ் பெயரும் வெர்ஷனும் மாறும். ஃபெடோரா, டெபியன், ஆல்பைன் மூன்றுக்கும் ஆளுக்கொரு கன்டெய்னர் வைத்தால், எங்கே உடைகிறது என்று ஒரு லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். ஆல்பைனை விட்டுவிடாதீர்கள். மற்ற இரண்டிலும் இருக்கிற சி லைப்ரரி ஜிலிப்சி, இதில் இருப்பது மசல். ஜிலிப்சியை மட்டும் நம்பி எழுதிய வரிகள் பலவற்றை அது கம்பைல் நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, அதே கன்டெய்னருக்குள் ஓட்டி அளந்தால்? ஒரே காம்பவுண்டில் நாலு வாடகை வீடு, ஆனால் கிணறு ஒன்றுதான் என்கிற கதை. ஆல்பைனோ டெபியனோ, உள்ளே தெரிகிற ஃபைல்கள்தான் வேறு. நேரம் பார்த்து எழுப்புகிற கர்னல் வெளியே இருக்கிற அதே ஒன்று, வருகிற எண்ணும் அதனுடையதுதான். 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-இல் பிரீஎம்ப்ட் ஆர்டி (கர்னலை ரியல்டைமுக்கு ஏற்றதாக்கும் அமைப்பு) முதன்மைக் கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அது உங்கள் ஹோஸ்டில், அதாவது கன்டெய்னரை ஓட்டுகிற மெஷினில், இயக்கப்பட்டிருக்காவிட்டால் எந்தக் கன்டெய்னர் இமேஜைப் போட்டாலும் வந்துவிடாது.

இதைவிட ஏமாற்றுவது அனுமதிகள். கன்டெய்னர்களை ஓட்டுகிற டாக்கர், வேலையின் முன்னுரிமையை உயர்த்த வேண்டிய சிஸ்நைஸ் அனுமதியை இயல்பாகத் தராது, அதனால் சைக்ளிக்டெஸ்ட் ரியல்டைம் முன்னுரிமை கேட்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறதே. ஆனால் சிபியு ஆழ்ந்து தூங்காமல் தடுக்க ஒரு டிவைஸ் ஃபைலைத் திறந்து பூஜ்யம் எழுதி வைக்க வேண்டும். கன்டெய்னருக்குள் அந்த ஃபைல் இல்லையென்றால் சைக்ளிக்டெஸ்ட் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சிபியுவின் கோர் தூக்கத்திலிருந்து விழிக்கிற நேரமும் கணக்கில் சேர்ந்து எண் பெருத்துவிடும், பழியோ கர்னல்மீது விழும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

ஆர்டிஎல்ஏவில் இருக்கிற டைமர்லாட் எனக்குப் பிடித்தது. இன்டரப்ட் (நேரமாகிவிட்டது என்று ஹார்டுவேர் தருகிற குறிப்பு) வரவே பிந்தியதா, வந்தபிறகு த்ரெட் எழுந்திருக்கப் பிந்தியதா என்று பிரித்துச் சொல்லும், வரம்பு தாண்டினால் யார் மறித்தது என்றும் காட்டும். ஆனால் அதற்கு கர்னலின் டிரேசிங் ஃபைல்களில் எழுத உரிமை வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கன்டெய்னரைப் பிரிவிலெஜ்டாக, அதாவது ஹோஸ்டின் அனுமதிகளோடு, திறந்துவிட வேண்டும். அவ்வளவு திறந்தபிறகு அதை அடைப்பு என்று சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை, ஹோஸ்டிலேயே ஓட்டுவது நல்லது.

நாகர்கோவில், தக்கலை பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: விண்டோஸ் லேப்டாப்பில் டாக்கர் டெஸ்க்டாப் வைத்திருந்தால் லினக்ஸ் கன்டெய்னர் ஓடுவது ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள். அங்கே அளந்தால் அந்த விர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிற ஹைப்பர்வைசரின் தாமதமும் சேர்ந்து வரும். கம்பைல் பண்ணவும், ஆப்ஷன்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கவும் அது போதும். எண் வேண்டுமென்றால் லினக்ஸை நேரடியாக ஏற்றிய மெஷினில், ஸ்ட்ரெஸ்என்ஜி மாதிரி ஒன்றால் சுமை ஏற்றி, மணிக்கணக்கில் ஓடவிட்டு எடுங்கள். ரிப்போர்ட்டில் மேக்ஸுக்குப் பக்கத்திலேயே கர்னல் வெர்ஷனையும் என்ன சுமை கொடுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.