ஆன்ம விசாரம்: சொல்லும் பொருளும்

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி காட்டிய நெறிக்கு ஆன்ம விசாரம் என்று பெயர். ஆத்ம விசாரம், ஆன்ம விசாரணை என்றும் எழுதுவர். வீட்டில் ‘விசாரப்படாதே’ என்றால் கவலைப்படாதே என்று பொருள். விசாரணை என்றதும் காவல் நிலையமும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரு பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்நெறியை அணுகுபவர், தம்மைப் பற்றி ஓயாமல் சிந்திப்பதும் தம்மையே கேள்விகளால் துளைப்பதும்தான் ஆன்மிகப் பயிற்சி என்று எண்ணிவிடக்கூடும். மனம் ஓய்வதற்குரிய வழியே அப்போது மனத்துக்குப் புதிய வேலையாகிவிடுகிறது.

விசாரம் வடசொல். ‘வி’ என்னும் முன்னொட்டும், செல்லுதல், இயங்குதல் என்னும் பொருளுடைய ‘சர்’ என்னும் வேரும் சேர்ந்து பிறந்தது. சஞ்சாரம், ஆசாரம், சராசரம் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. ஒரு பொருளின் மீது அறிவைச் செலுத்தி ஆராய்வது என்பதே விசாரத்தின் பழைய பொருள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இது சமாதி நிலைகளுள் ஒன்றைக் குறிக்கவும் வருகிறது. ஒன்றையே மனம் சுற்றிச் சுற்றி வருவதால் கவலை என்னும் பொருள் பின்னர் ஏறியிருக்க வேண்டும்.

ரமணர் இச்சொல்லுக்குத் தந்த பொருள் இவற்றைவிடக் கூர்மையானது. 1901-ஆம் ஆண்டையொட்டி விரூபாட்ச குகைக்கு வந்த சிவப்பிரகாசம் பிள்ளை தொடுத்த கேள்விகளுக்கு, அந்நாளில் பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறுநூலாயின. மனத்தை எப்போதும் ஆத்மாவில் வைத்திருப்பதற்குத்தான் ஆத்ம விசாரம் என்று பெயர் என்று அந்நூலில் அவரே வரையறுக்கிறார். அதன் செய்முறையும் அங்கேயே இருக்கிறது. ஓர் எண்ணம் கிளம்பும்போது அதன் பின்னே போகாமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று பார்க்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று பார்த்தால் மனம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பும், எழுந்த எண்ணமும் அடங்கும். இங்கே கேள்வி விடை தேடுவதற்காக எழவில்லை. பிணம் சுடும் தடி முடிவில் தானும் எரிந்துபோவது போல, பிற எண்ணங்களை அழித்த ‘நான் யார்’ என்னும் நினைவும் அழியும் என்கிறார். ஆகவே இக்கேள்வியை மந்திரம்போல் உருவேற்றுவதும் விசாரம் ஆகாது.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஆத்மன்’ என்பது வடமொழியில் ‘தான்’ என்னும் பொருளிலும் வழங்கும் சொல்; இவ்விடத்துக்கு அதுவே பொருந்துகிறது. உயிர் என்று பெயர்த்தால், இறைவனிலிருந்து வேறாகச் சைவ சித்தாந்தம் கூறும் ‘பசு’ என்னும் கட்டுண்ட உயிரைக் குறித்துப் பொருள் திரிந்துவிடும். விசாரத்துக்குச் சோதனை, ஆய்வு என்பவற்றைச் சிலர் பயன்படுத்துகின்றனர். தற்சோதனை என்பது ஒருவர் தம் குற்றங்குறைகளைத் தேடிப் பார்ப்பது. நல்ல பழக்கம்தான், ஆனால் வேறு காரியம். தன்னாய்வோ பார்க்கிறவன் ஒருவன், பார்க்கப்படுவது வேறொன்று என்னும் பிளவை வைத்துக்கொண்டே நடக்கிறது.

என் கருத்தில் ‘நாடல்’ என்பதே தக்க சொல். ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்னும் குறளில் (948) அது மேலோட்டமான அறிகுறியைத் தாண்டி மூலத்துக்கே இறங்கும் ஆராய்ச்சியைக் குறிக்கிறது. விரும்பிச் சென்றடைதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. விசாரம் என்ற சொல்லில் அந்த விருப்பம் இல்லை. ரமணரே ‘உபதேச உந்தியார்’ என்னும் தம் செய்யுள் நூலில் ‘நானென் றெழுமிட மேதென நாடவுண் ணான்றலை சாய்ந்திடும்’ என்று பாடி, அதையே ஞான விசாரம் என்கிறார். நான் என்று எழுகிற இடம் எது என உள்ளே நாடினால், நான் என்பது தலை சாய்ந்துவிடும் என்பது பொருள். விசாரத்தை விளக்க அவர் கையாண்ட வினை நாடுதலாக இருப்பது நமக்குப் பெரிய துணை.

ரமண அடியார்களின் எழுத்தில் ‘தன்னாட்டம்’ என்னும் சொல் வழங்குகிறது. தன்னலம் போலவே தன், நாட்டம் இரண்டும் சேர்ந்த அழகிய சொல். நாட்டம் என்பதற்குப் பார்வை, கவனம் என்னும் பொருள்களும் இருப்பதால் மிகப் பொருத்தமானதும்கூட. எனினும் தன் + ஆட்டம் என்றும் பிரிய இடம் தருவதால், புதிதாகப் படிப்பவருக்கு எழுதும்போது ‘தன்னை நாடல்’ என்று விரித்து எழுதுவது நல்லது. ‘சும்மா இருத்தல்’ என்பதை மட்டும் இதற்கு ஈடாக வைக்க வேண்டாம்: சும்மா இருப்பதாவது மனத்தை ஆன்ம சொரூபத்தில் லயிக்கச் செய்வதே என்று ‘நான் யார்?’ கூறுவதால், அது நாடல் போய்ச் சேரும் நிலைக்குரிய பெயர்.