தேர்முட்டிக்கு வடக்கே நாலடி: நகராட்சிக் குழாய்களை ஜி.ஐ.எஸ்.ஸில் ஏற்றுவது பற்றி

தென்மாவட்ட நகராட்சி ஒன்றின் குடிநீர்க் குழாய்களையும் பாதாளச் சாக்கடைக் குழாய்களையும் ஜி.ஐ.எஸ். என்று நாம் சொல்லும் புவிசார் தகவல் அமைப்பில் ஏற்றும் வேலைக்கு எங்கள் குழு போனபோது, அலுவலகத்தில் கிடைத்தவை மடிப்பில் கிழிந்த பழைய திட்ட வரைபடங்கள், ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற ஆட்டோகேட் கோப்புகள், ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரின் கைப்பேசி எண் ஆகியவைதான். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் பயன்பட்டது. ரத வீதியில், தண்ணீரைத் திறந்து அடைக்கும் ஸ்லூயிஸ் வால்வு ஒன்று சாலையின் தென்பக்கம் இருப்பதாக வரைபடம் காட்டியது. தோண்டிப் பார்த்தால் வெறும் மண். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தேர்முட்டிக்கு வடக்கே நாலடி தம்பி. ரோட்டை ரெண்டு தடவை ஒசத்திட்டாங்க, சேம்பர் மூடி உள்ளே போயிருச்சு" என்று சொல்லி, செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தார். முக்கால் அடி தாருக்குக் கீழே மூடி கிடைத்தது.

வரைபடத்தில் வால்வின் இடத்தைத் திருத்துவதற்கு முன்பே நாங்கள் அட்டவணையில் ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தோம். 'எப்படித் தெரியும்' என்பது அதன் பெயர். நேரில் தோண்டிப் பார்த்தது, தரைக்கு மேல் தெரியும் மூடியை வைத்து அளந்தது, ஃபிட்டர் சொன்னது, பழைய வரைபடத்திலிருந்து எடுத்தது என நான்கு விடைகளில் ஒன்றை ஒவ்வொரு குழாய்க்கும் வால்வுக்கும் கட்டாயம் நிரப்ப வேண்டும். பூமிக்கடியில் இருப்பவற்றின் நம்பகத்தன்மையை இப்படி ஏ முதல் டி வரை நான்கு தரமாகப் பிரிக்கும் வழக்கம் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் 38-ஆம் எண் தர விதியில் இருக்கிறது. நம் ஊர் ஒப்பந்த ஆவணங்களில் இதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டம் இல்லையென்றால், யாரோ ஞாபகத்தில் சொன்ன கோடும் அளந்து போட்ட கோடும் திரையில் ஒரே நீலத்தில், ஒரே தடிமனில் தெரியும். அதை நம்பி அடுத்த ஆண்டு கேபிள் போட வருபவர் குழாயை உடைப்பார்.

தரையை ஊடுருவும் ரேடார் இருக்கும்போது ஃபிட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஈரமான கரிசல் மண்ணில் ரேடார் அலை ஆழம் போகாமலே அடங்கிவிடும். பி.வி.சி. குழாயில் உலோகம் இல்லை. ஆகவே மின்காந்தக் கருவிக்கும் அது அகப்படாது. கருவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை தேடும் பரப்பைச் சுருக்கித் தருபவரும் கூட வேண்டும்.

ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவுகளின் சங்கதிக்கு வருவோம். யூ.டி.எம். என்ற முறை உலகை எண்ணிட்ட நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தூரத்தைத் தனியாக அளக்கிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்கு மேற்கே கோயம்புத்தூரும் ஈரோடும் 43-ஆவது யூ.டி.எம். மண்டலத்திலும், கிழக்கே மதுரையும் திருச்சியும் சென்னையும் 44-ஆவது மண்டலத்திலும் விழுகின்றன. மண்டல எண்ணை மாற்றிக் கொடுத்தால் மதுரையின் குழாய்கள் லட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில் மிதக்கும். சிரிப்பை மூட்டும் பிழை என்பதால் உடனே திருத்திவிடுவார்கள். பூமியின் வடிவத்துக்கு முன்பு வழக்கத்திலிருந்த எவரெஸ்ட் அடித்தளத்தில் வரைந்த பழைய வரைபடத்தை, இன்றைய செயற்கைக்கோள் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அடித்தளத்தின் அளவுகளோடு உரிய மாற்றம் செய்யாமல் ஒட்டும்போது வரும் நகர்வு அப்படிக் கண்ணில் படாது. குழாய் அடுத்த தெருவில் இருப்பதாகக் காட்டும், பார்ப்பவரும் நம்பிவிடுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் உயரம். செயற்கைக்கோள் கருவி தரும் உயரம் பூமியின் வடிவமாகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து எடுத்தது, கடல்மட்டத்திலிருந்து எடுத்ததன்று. உலகிலேயே புவியீர்ப்புச் சமதளம் (ஏறத்தாழக் கடல்மட்டத்தோடு ஒத்துப்போகும் பரப்பு) மிகவும் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே அது நீள்கோளத்துக்கு 100 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாகக் கீழே போகிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு அமர்ந்திருக்கிறது. ஆகவே மெரினாவில் கருவியை வைத்தால் எண்பது, தொண்ணூறு மீட்டர் 'கடலுக்குக் கீழே' நிற்பதாகக் காட்டும். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவர் கருவி பழுது என்று கட்டிவைத்துவிட்டார். கடல்மட்டத்துக்கு மாற்றும் திருத்தத்தைப் போட்ட பிறகும் பிழை மிச்சமிருக்கும்.

பாதாளச் சாக்கடையில் இந்த மிச்சம் போதும், வேலையைக் கெடுக்க. கழிவுநீர் பம்பு இல்லாமல் தானாக ஓட வேண்டும். 200-க்கு 1 சரிவு என்றால், 30 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஆள்நுழைவுக் குழிகளுக்கு நடுவே குழாயின் அடிமட்டம் 15 சென்டிமீட்டர்தான் இறங்கும். பத்து சென்டிமீட்டர் பிழையைக் கொண்ட உயரத்தை வைத்து அது ஓடுமா, தேங்குமா என்று எப்படிச் சொல்வது? இதற்கு இன்றைக்கும் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும், ஸ்டாஃப் என்ற அளவுகோலும்தான் கதி. குடிநீரில் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனாலும் மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, ஒற்றைத்தள வீட்டுக்குக் குறைந்தது 7 மீட்டர் அழுத்தமும் (தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம்) இரண்டு தளத்துக்கு 12 மீட்டரும் வேண்டும் என்றது. தரை உயரத்தில் மூன்று மீட்டர் தவறினால், கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறுமா என்று குழாய்களில் நீரோட்டத்தைக் கணிக்கும் எபாநெட் மென்பொருளைப் போட்டுக் கணக்கிடுவதில் பொருளில்லை.

கோடுகள் ஒன்றோடொன்று உண்மையாகவே இணைந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் வேலை முடிந்த பிறகே உணர்கிறார்கள். அச்சிட்டுச் சுவரில் மாட்டும் வரைபடத்துக்கு இரண்டு குழாய்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டில்லை. இந்த வால்வை அடைத்தால் எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும் என்று கணினியைக் கேட்டால், அந்த இடைவெளியிலேயே தேடல் நின்றுவிடும். மேலும் கீழுமாகக் குறுக்கே மட்டும் போகும் இரண்டு குழாய்களைச் சந்திப்பு என்று இணைத்துவிட்டால், அடைப்பதற்குச் சம்பந்தமே இல்லாத வார்டைக் காட்டும். ஜி.ஐ.எஸ். கேட்டு வரும் நகராட்சிப் பொறியாளர்களிடம் நான் சொல்வது இதுதான்: கோப்பு கைக்கு வந்த அன்றே ஒரு வால்வைத் தேர்ந்தெடுத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், விடை சரியா என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள், அதற்குப் பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டு இணைப்புகளை வரிவிதிப்பு எண்ணோடு சேர்க்கும் இடத்தில் தமிழ் எழுத்து ஒரு தலைவலி. பழைய பதிவேடுகள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும், மாற்றினால் தெருப்பெயர் கந்தலாகும். இன்னும் பலர் கட்டிக்கொண்டு அழும் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில், அட்டவணைக் கட்டத்தின் தலைப்புக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு போனால், மூன்று குறிகளுக்குமேல் எழுத முடியாது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்துக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை. மென்பொருளுக்குக் கோடி செலவழிக்கவும் தேவையில்லை; வரைபடம் போடும் கியூஜிஐஎஸ், தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டும் இலவசம். அந்தப் பணம் களத்துக்குப் போகட்டும்.

கழிவுநீர்ப் பக்கத்தில் இந்த வேலை உயிரோடு தொடர்புடையது. மனிதர்கள் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் தடை செய்கிறது. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அப்படியும் ஆள் இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அடைப்பு எந்த இரண்டு குழிகளுக்கு நடுவே என்று தெரியாததும், இயந்திரம் போக முடியாத சந்தில் குழி இருப்பது முன்கூட்டியே தெரியாததும்தான். குழியின் ஆழம், மூடியின் அளவு, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் வண்டி எவ்வளவு கிட்டே வர முடியும், கடைசி மூன்று அடைப்புகளின் தேதி ஆகிய நான்கையும் புள்ளியோடு ஏற்றினோம். அடைப்புத் தேதிகளை வரைபடத்தில் போட்டபோது சந்தைப்பேட்டையை ஒட்டிய ஒரே வரிசையில் குழிகள் சிவந்தன. அங்கே குழாயின் சரிவு தலைகீழாக இருந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் செப்டிக் டேங்க் இருக்கும் இடத்தையும் கடைசியாகக் கழிவை எடுத்த தேதியையும் இதே அமைப்பில்தான் வைக்க வேண்டும்; அதற்குத் தனிப் பதிவேடு எழுதினால் யாரும் திறப்பதில்லை.

நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015-லும் அதன் இரண்டாம் கட்டம் 2021-லும் வந்தபின் இத்தகைய வரைபட வேலைகள் பெருகின. பலவற்றில் கோப்பை ஒப்படைத்த நாளே கடைசி நாள். மறுநாள் போட்ட புதுக் குழாய் அதில் ஏறுவதில்லை. நாங்கள் போன நகராட்சியில் ஒரே ஒரு நடைமுறையை வற்புறுத்திக் கொண்டுவந்தோம். உடைப்புச் சரிசெய்த பில்லோடு, மூடுவதற்கு முன் எடுத்த படமும், பக்கத்திலுள்ள இரண்டு நிலையான இடங்களிலிருந்து டேப்பில் அளந்த தூரமும், குழாயின் ஆழமும் வராவிட்டால் பில் தொகைக்கு ஆதாரமான அளவுப் புத்தகத்தில் பதிவு கிடையாது. முதல் இரண்டு மாதம் ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு டேப்பை வண்டியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ரத வீதி வால்வின் 'எப்படித் தெரியும்' கட்டத்தில் இப்போது 'நேரில் தோண்டிப் பார்த்தது' என்று இருக்கிறது. அதே தெருவில் பெரியவர் காட்டிய வேறு இரண்டு வால்வுகளுக்கு நேரே, சாலையை இன்னும் வெட்டாததால், 'ஃபிட்டர் சொன்னது' என்றே இருக்கிறது.