பின்னிரவு விமானமும் பணிமூப்பு எண்ணும்

ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற பெரிய அமெரிக்கச் சரக்கு விமான நிறுவனங்களில் சேரும் விமானிக்குச் சம்பளத்தைவிட முக்கியமான ஒன்று தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது: பணிமூப்பு எண். அவருக்கு முன்பு சேர்ந்தவர்கள் எல்லோரும் பட்டியலில் அவருக்கு மேலே, பின்பு சேர்பவர்கள் கீழே. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முதலில் என்பதை வயது போன்ற ஏதாவது ஓர் எளிய விதி தீர்த்துவிடும். அருமையாக விமானம் ஓட்டுகிறார் என்பதற்காக யாரும் ஓர் இடம்கூட முன்னேற முடியாது. மேலே இருப்பவர் ஓய்வுபெற வேண்டும், அல்லது விலக வேண்டும். ரேஷன் கடை வரிசையைப் போலத்தான். இடையில் வேறு வரிசைக்குப் போனால் அங்கே கடைசி ஆள். இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அங்கே பட்டியலின் அடியில் துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும்.

இந்த எண் எதைத் தீர்மானிக்கிறது? எந்த விமானம், எந்த ஊரைத் தளமாகக் கொண்ட பணி, கேப்டன் இருக்கையா வலப்பக்கத் துணை விமானி இருக்கையா, தீபாவளிக்கு நிகரான கிறிஸ்துமஸ் வாரத்தில் விடுமுறை உண்டா என்பதையெல்லாம். குறிப்பிட்ட இடைவெளிகளில் அடுத்த சில வாரங்களுக்கான பணி அட்டவணைகள் வெளியாகும். விமானிகள் தங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். கணினி பட்டியலின் உச்சியிலிருந்து ஒவ்வொருவராக நிரப்பிக்கொண்டே வரும். அடியில் இருப்பவருக்கு மிச்சம்தான் வரும், பெரும்பாலும் அழைப்புக்குக் காத்திருக்கும் பணி.

பயணிகள் விமான நிறுவனங்களிலும் இதே முறைதான். ஆனால் சரக்கு நிறுவனத்தில் இந்த எண்ணுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. யார் எப்போது தூங்கலாம் என்பதையும் அது முடிவு செய்கிறது.

காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. 1973 ஏப்ரல் 17 அன்று ஃபெடெக்ஸ் 14 சிறிய ஃபால்கன் ஜெட் விமானங்களைக் கொண்டு, 25 நகரங்களுக்கு 186 பார்சல்களுடன் மெம்பிஸிலிருந்து தன் சேவையைத் தொடங்கியது. எல்லா ஊர்ப் பார்சல்களும் ஒரே மையத்துக்கு வந்து, பிரிக்கப்பட்டு, மீண்டும் எல்லா ஊருக்கும் பறக்கும். மாலையில் கடை மூடும்போது கொடுத்த பார்சல் மறுநாள் காலை போய்ச் சேர வேண்டுமானால், விமானங்கள் நள்ளிரவை ஒட்டி மையத்தில் இறங்க வேண்டும். விடிவதற்குள் திரும்பக் கிளம்ப வேண்டும். யூபிஎஸ் நிறுவனத்தின் லூயிவில் மையத்தில் ஒரு மணி நேரத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான பார்சல்களைப் பிரித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் விமானிகள் ஓய்வறைக் கட்டிலில் சற்றுக் கண்ணயரலாம். பிறகு இன்னொரு பறப்பு, இன்னொரு தரையிறக்கம், பெரும்பாலும் அதிகாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள்.

மனித உடலுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று 1982-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்ஸாண்டர் போர்பேய் ஒரு விளக்கம் தந்தார். தூக்க அறிவியல் இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது. முதல் விசை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சேர்வதற்கு இதில் பங்கு உண்டு. காபி தற்காலிகமாக மறைப்பது அதைத்தான். இரண்டாவது, மூளையின் ஹைப்போதலாமஸில் இருக்கும் சிறிய நரம்புக் கொத்து நடத்தும் உடல் கடிகாரம். அது 24 மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான சுற்றில் ஓடுகிறது. கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. அதிகாலையில் உடல் வெப்பம் மிகக் குறைந்த புள்ளிக்கு இறங்கும், விழிப்புணர்வும் அதனோடு இறங்கும். நள்ளிரவுப் பணியில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் இரண்டு விசைகளும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கின்றன.

‘பழகிவிடும்’ என்று நினைப்பது இயல்பு. உடல் முழுமையாகப் பழகுவதில்லை. இரவுச் சரக்கு விமானிகளின் உடல் வெப்பத்தையும் தூக்கத்தையும் அளந்த நாசா ஆய்வு, அவர்களுடைய கடிகாரம் ஓரளவே நகர்கிறது என்றும், பகல் தூக்கம் குட்டையாகவும் மேலோட்டமாகவும் இருக்கிறது என்றும் கண்டது. பணி முடிந்து விடுதிக்குப் போகும் வழியிலேயே காலை வெயில் கண்ணில் பட்டுக் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. விடுமுறை நாட்களில் வீட்டாரோடு பகலில் வாழ்ந்துவிட்டு, திரும்பவும் இரவுக்குப் போனால் மாற்றம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இதே நாசா குழு இன்னொன்றும் சோதித்தது. நீண்ட தூரப் பயணத்தில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்க, மற்றவருக்கு இருக்கையிலேயே 40 நிமிடம் ஓய்வு தந்தார்கள். அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். இறங்கும் நேரத்தில் அவர்களுடைய விழிப்பு, ஓய்வு பெறாதவர்களைவிடத் தெளிவாகவே கூடியிருந்தது. ஐரோப்பா உட்படப் பல இடங்களில் இந்த முறைக்கு அனுமதி உண்டு. சோதனையில் முன்னின்ற அமெரிக்கா தன் விமானிகளுக்கு இதை அனுமதிக்கவில்லை.

ஓய்வு விதிகளின் கதை இன்னும் விசித்திரம். 2009-ல் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக இரண்டு விதிகள் பிறந்தன. ஒன்று, விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கும் சில பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் சலுகை உண்டு. இரண்டு, உடல் கடிகாரத்தைக் கணக்கில் கொண்ட பணிநேர வரம்பு. இந்த இரண்டாவது விதியிலிருந்து சரக்கு நிறுவனங்களை விலக்கிவிட்டார்கள். செலவோடு ஒப்பிட்டால் பலன் போதாது என்பது அரசின் கணக்கு. சரக்கு விமானம் விழுந்தால் இறப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர் என்பதுதான் அந்தக் கணக்கின் உள்ளர்த்தம். இரவில் அதிகம் பறப்பவர்களை இரவுக்கான விதியிலிருந்து விலக்கியதை வேறு எந்த வகையிலும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

விதி நடைமுறைக்கு வரும் முன்பே, 2013 ஆகஸ்ட் 14 அன்று விடியும் முன், லூயிவிலிலிருந்து வந்த யூபிஎஸ் ஏ300 விமானம் அலபாமாவின் பர்மிங்காம் ஓடுபாதையைத் தொடாமலே தரையில் மோதியது. இரு விமானிகளும் இறந்தார்கள். தவறான இறங்குமுறையோடு களைப்பையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. காக்பிட் ஒலிப்பதிவில், புறப்படும் முன் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தது இந்த ஓய்வு விதி வேறுபாட்டைப் பற்றியே. இன்று பெரிய நிறுவனங்களின் விமானிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு பெரும்பாலும் அரசு விதியால் வந்ததல்ல, தொழிற்சங்க ஒப்பந்தங்களால் வந்தது.

இப்போது பணிமூப்பு எண்ணுக்குத் திரும்பினால் ஒரு புதிர் விளங்கும். கேப்டனாகும் தகுதி வந்தபிறகும் சிலர் துணை விமானியாகவே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். கேப்டன்களுக்குள் கடைசி ஆளாகப் போனால் பின்னிரவுப் பறப்பும் காத்திருப்புப் பணியும். துணை விமானிகளுக்குள் மேலே இருந்தால் பகல் பறப்பு, ஹாங்காங் அல்லது கொலோனில் நல்ல ஓய்வு, வார இறுதியில் வீடு. சம்பளத்தை விட்டுக்கொடுத்து அவர்கள் தூக்கத்தை வாங்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் லட்சியமற்றவர்கள்போலத் தெரியும். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது.

ஆகவே வேலை தேடுபவருக்கு மேலே எத்தனை பேர் எப்போது ஓய்வுபெறுவார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. மறுநாளே பட்டியல்கள் உறைந்தன. அடுத்த ஐந்தாண்டு வயதால் ஓய்வுபெறுவோர் ஏறக்குறைய இல்லாமல் போனார்கள். மூத்தவர்களுக்கு அது ஐந்தாண்டு போனஸ், இளையவர்களுக்கு ஐந்தாண்டு கூடுதல் பின்னிரவு. 67 ஆக உயர்த்தும் முயற்சி 2024-ல் நிறைவேறவில்லை.

இரண்டாவது கேள்வி சரக்கின் ஏற்ற இறக்கம். பெருந்தொற்றில் பயணிகள் விமானங்கள் தரையில் நிற்க, சரக்கு விமானிகளுக்குத் தேவை எகிறியது. 2023-க்குள் நிலைமை தலைகீழ். ஃபெடெக்ஸ் தன் விமானிகளிடம், ஒரு சிறிய பிராந்திய நிறுவனத்தில் கேப்டன் வேலை இருக்கிறது, விரும்பினால் போகலாம் என்றது. யூபிஎஸ் விருப்ப விலகல் திட்டம் அறிவித்தது. அமெரிக்க அஞ்சல் துறையின் விமானச் சரக்கு ஒப்பந்தம் 2024 அக்டோபரில் ஃபெடெக்ஸிடமிருந்து யூபிஎஸ்ஸுக்கு மாறியபோது, வேலைவாய்ப்பும் சேர்ந்து இடம் மாறியது. ஒரே தகுதி உள்ள இருவரில் 2020-ல் சேர்ந்தவரும் 2023-ல் விண்ணப்பித்தவரும் வேறு வேறு வாழ்க்கை வாழ்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலும் இத்தொழில் உண்டு. புளூ டார்ட் ஏவியேஷன் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1996 முதல் இயங்குகிறது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும் என்பதால் ஏணியின் அடிப்படிகள் இங்கே வேறு மாதிரி.

அமெரிக்காவில் அந்த அடிப்படிகளில் ஒன்று, செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம். சிற்றூர்ப் பார்சல்களை மையங்களுக்குக் கொண்டுவர ஃபெடெக்ஸ் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் இவற்றைப் பறக்க விடுகிறது. இளைஞர்கள் பலர் தனியாக மழையிலும் பனியிலும் ஓட்டி அனுபவம் சேர்ப்பது இதில்தான். 2023 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டரில் ஒரு கேரவன் ஓடுபாதையில் ஓடி, மேலெழும்பி, சுற்றிவந்து இறங்கியது. உள்ளே யாரும் இல்லை. தானியங்கிப் பறப்பு பற்றிய பேச்சு பெரிய ஜெட் விமானங்களின் கேப்டன் இருக்கையைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் அது முதலில் எட்டிப் பார்த்திருப்பது பட்டியலில் இன்னும் எண்ணே பெறாதவர்களின் வேலையை.